நூற்றில் ஒன்று

ஏரி இறுகிக் கிடந்த பிப்ரவரியில்
டுலூத் நகரத்தின் மூன்றாம் மாடிக்கு
வந்தார்கள் ஆர்வோ ஹக்காலாவும் வில்மாவும்.
பனிக்காலணிகளைக் கதவோரம் கழற்றிவிட்டுக்
காலுறையோடு உட்கார்ந்தார்கள்.
என் கம்பளம் நனையக் கூடாதாம்.

வழக்கமான கேள்வியைக் கேட்டேன்:
"பணம் உங்களுக்கு எதற்கு?"
பயிற்சியில் சொல்லித் தந்தது இது.
கேட்டபின் ஏழு எண்ணும்வரை
வாய் திறக்கக் கூடாது.
நான்கிலேயே அவர் சொன்னார்,
"யாரிடமும் கேட்காமல் இருக்க."
வில்மா ஏழைத் தாண்டிப்
பன்னிரண்டு வரை போனாள்.
"அடுப்பு மாற்ற வேண்டும்.
அதற்குமேல் யோசித்துப் பழக்கமில்லை."

இலக்குகள் என்ற கட்டத்தில்
அடுப்பு என்று எழுதினேன்.
கட்டம் ரொம்பப் பெரிதாக இருந்தது.

அடுத்த கட்டம், மதிப்புகள்.
விலையைச் சொல்கிறதா, மனசையா என்று
அந்தச் சொல்லுக்கே தெரியாது.
"சிகரெட் கம்பெனி வேண்டாம்" என்றார் ஆர்வோ.
அவர் தம்பி எய்னோ
கடைசி மூன்று மாதம் பேசியதெல்லாம்
ஒரு சிறு பலகையில், சாக்பீஸால்.
இந்த நிதியில் ஐந்நூறு கம்பெனிகள்
கலந்து கிடக்கின்றன,
ஒன்றை மட்டும் எடுக்க முடியாது என்றேன்.
அவர் என்னைப் பார்த்தார்,
சல்லடை பிடிக்கத் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல்.

கட்டணத்தைக் கையெழுத்துக்கு முந்தின பக்கத்தில்தான் சொல்வேன்,
இருமலை உள்ளங்கையில் மறைப்பதுபோல.
"ஒரு சதவீதம்தான்."
அந்தத் 'தான்' கொடுக்கிறது
எங்கள் கட்டட வாடகையை.

ஆர்வோ நாற்காலியை முன்னே இழுத்தார்.
துறைமுகத் தானியக் கிடங்கில்
முப்பத்து நான்கு வருடம் எடைமேடைக்காரர்.
"ஒரு சதவீதம் எனக்குத் தெரியும், மிஸ் ஓகார்ட்.
லாரிக்கு ஒரு சதவீதம்
தூசி, உமி என்று கழிப்போம்.
விவசாயி தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிவான்,
போகட்டும் என்று போய்விடுவான்.
அந்த உமியையெல்லாம் கூட்டித்
தீவனமாக விற்றுத்தான்
முதலாளி தீவில் வீடு கட்டினார்.
ஏழு படுக்கையறை.
நான் உள்ளே போனதில்லை."

"டாலரில் சொல்லுங்கள்" என்றாள் வில்மா.

கால்குலேட்டரை அவர்கள் பக்கம் திருப்பினேன்.
நாலு லட்சத்துக்கு, வருடம் நாலாயிரம்.
ஒன்பது வருடத்தில் இந்த அறைக்குள்
அந்தத் தொகையை நான்
வாயால் சொன்னது அதுதான் முதல்.

"சந்தை விழுந்தால்?"
"அப்போதும் உண்டு."
"எங்களுக்கு நஷ்டமான வருடத்திலும்?"
"ஆமாம். கொஞ்சம் குறையும்."

வில்மா கோபப்படவில்லை.
பல் வைத்தியரிடம் கேட்கிற குரலில் கேட்டாள்:
"வருடத்தில் எங்களைப் பற்றி
எத்தனை மணி நேரம் நினைப்பீர்கள்?"

ஏழு எண்ணினேன்,
இந்த முறை எனக்காக.
"ஆறு" என்றேன். பிறகு,
"நினைப்பது என்றால் நாலு.
மீதி இரண்டு, படிவம்."

கீழே தெருவில் பனி அள்ளும் வண்டி
ஒரே இடத்தில் முன்னும் பின்னும் உறுமியது.
ஆர்வோ உரக்கச் சிரித்தார்.
"எடைமேடையில் உண்மை சொல்பவனை
ஒரு பருவத்துக்குமேல் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.
உங்களை எத்தனை நாள் வைத்திருப்பார்களோ!"

வில்மா மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள்.
"நீ முப்பத்து நான்கு வருடம் இருந்தாயே."

சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல்
அவர் கைக்குட்டையை எடுத்தார்.
மூக்கைச் சிந்தினார். மடித்தார்.
மறுபடி பிரித்தார்.

மணிக்கணக்கில் மட்டும் வாங்குகிற ஒருத்தி
பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள்.
பெயரும் எண்ணும் எழுதித் தந்தேன்.
ஆர்வோ அதைப் பார்க்காமலே பையில் வைத்தார்.
காலணி போட வெகுநேரமாயிற்று;
அவர் குனியவில்லை,
வில்மாதான் வாரைக் கட்டினாள், இறுக்கி.

"யோசித்துச் சொல்கிறார்களாம்" என்றேன் மேலாளரிடம்.

கையெழுத்தில்லாத படிவம்
இன்னும் என் மேசையில் இருக்கிறது.
நேற்று மதியம், சாப்பாட்டு நேரத்தில்,
அடுப்பு விலை பார்த்தேன்.
எண்ணூற்று நாற்பது டாலர்.
கொண்டுவந்து பொருத்தித் தருவதற்குத் தனியாக.